வெட்டியெடுத்த ஆள் ஒட்ட மறுக்கிறாரா? ஓரம் காட்டும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

கல்யாண ஃப்ளெக்ஸ், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், ஆல்பம் அட்டை என்று எதுவாக இருந்தாலும் டிசைனர் மேசையில் முதலில் வந்து விழும் வேலை, படத்திலிருந்து ஆளை மட்டும் பிரித்தெடுப்பது. ஃபோட்டோஷாப்பில், ஆளைத் தானாகக் கண்டுபிடித்துத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் சப்ஜெக்ட் 2018-ல் வந்தது. அதற்குப் பிறகு இந்த வேலையில் முக்கால்வாசி ஒரே கிளிக்கில் முடிந்துவிடுகிறது. மிச்சக் கால்வாசி ஓரம். பார்க்கிறவர் கண் போய் நிற்பதும் அங்கேதான்.

ஓரம் சரியில்லை என்றதும் கை தானாக, ஓரத்தை மங்கவைக்கும் ஃபெதருக்குப் போகும். வெள்ளைக் கோடு தெரிந்தாலும் ஃபெதர், முடி வெட்டுப்பட்டாலும் ஃபெதர், ஒட்டிவைத்தது தெரிந்தாலும் ஃபெதர். ஆனால் ஓரத்தில் வரும் கோளாறு ஒரே வகை இல்லை. வெட்டின இடமே தப்பாக இருக்கலாம். இடம் சரியாக இருந்தும் அங்கே பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, கூர்மை மட்டும் பொருந்தாமல் போகலாம். ஃபெதர் இந்த மூன்றாவதுக்கு மட்டும்தான் மருந்து, அதுவும் எப்போதாவது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஃபோட்டோஷாப் பெயர்களைத்தான் சொல்கிறேன். பிரௌசரிலேயே ஓடும் ஃபோட்டோபியாவில் ஏறக்குறைய அதே பெயர்கள். இலவச மென்பொருளான கிம்ப்பில் பெயர் மாறினாலும் தத்துவம் ஒன்றுதான்.

முதலில் பரிசோதனை

இரேசர் பக்கமே போகாதீர்கள். அழித்தது போனது போனதுதான். லேயர், அதாவது பட அடுக்கின் மேல் லேயர் மாஸ்க் என்ற மறைப்பைப் போட்டால், அதில் கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பிவந்து திருத்தலாம்.

கட்டம் கட்டமாகத் தெரியும் வெற்றுப் பின்னணியில் ஓரத்தைச் சோதிக்காதீர்கள். அந்தச் சாம்பல், வெள்ளைச் சதுரங்களில் எல்லாக் கோளாறும் ஒளிந்துகொள்ளும். அடியில் ஒரு சாலிட் கலர் லேயர் போட்டு, கருப்பு, வெள்ளை, பளீர் சிவப்பு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். கடைசிப் பின்னணி தயாராக இருந்தால் அதையே வைத்துப் பாருங்கள், இன்னும் நல்லது. வெளிர் நீல வானத்தின் மேல் வைக்கப்போகும் ஆளுக்குக் கருப்பில் தெரியும் கோட்டைத் துரத்துவது வீண் வேலை. ஜூம் 100 சதவீதத்தில் இருக்கட்டும். 400-க்குப் போனால் உலகத்தில் எந்த ஓரமும் நன்றாக இருக்காது.

அப்புறம் ஆல்ட் அழுத்திக்கொண்டு மாஸ்க் படத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். திரையில் மாஸ்க் மட்டும் கருப்பு வெள்ளையாக வந்து நிற்கும். நெஞ்சுப் பகுதியில் சாம்பல் திட்டு தெரிகிறதா, வெளியே கருப்பில் புகை மாதிரி மிச்சம் இருக்கிறதா, தோள் ஓரம் பல் பல்லாக இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மாஸ்க் சுத்தமாக இருந்தும் படம் அசிங்கமாக இருக்கிறது என்றால், கோளாறு நிறத்தில். அங்கே மாஸ்க்கை எவ்வளவு நோண்டினாலும் தீராது.

உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு

வெள்ளைச் சுவர் முன்னால் நின்ற மாப்பிள்ளையை மெரூன் பின்னணியில் வைத்ததும் உடம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளை நூல். அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் எளிது: ஓரத்தில் இருக்கும் பிக்சல் முழுக்கச் சட்டையும் இல்லை, முழுக்கச் சுவரும் இல்லை. கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிவு செய்திருக்கும். அந்தக் கலவையில் பாதி வெள்ளை. நீங்கள் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் அந்தப் பாதி வெள்ளை கூடவே வரும்.

இங்கே ஃபெதர் போட்டால் கோடு போகாது, அகலமாகும். சுவர் இன்னும் கொஞ்சம் உள்ளே கலந்து தெரியும்.

முதல் வழி, ஓரத்தை உள்ளே தள்ளுவது. ஓரத்தைத் திருத்தும் ஜன்னலான செலக்ட் அண்ட் மாஸ்க்கில் ஷிஃப்ட் எட்ஜை மைனஸ் பக்கம் 10 முதல் 25 வரை நகர்த்துங்கள். மாஸ்க் போட்டு முடித்துவிட்டீர்கள் என்றால், மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபில்டர் மெனுவில் அதர், அதில் மினிமம், 1 பிக்சல். புதிய பதிப்புகளில் 0.5 கூடப் போடலாம். சட்டை, வேட்டி, கை போன்ற கெட்டியான ஓரங்களுக்கு இதுவே போதும். முடி இருக்கும் பக்கம் மட்டும் இதைச் செய்யாதீர்கள். முடிதான் முதலில் காணாமல் போகும். லாசோவில் உடம்புப் பகுதியை மட்டும் வளைத்துக்கொண்டு செய்யலாம்.

இரண்டாவது, லேயர் மெனுவில் கடைசியில் இருக்கும் மேட்டிங். அதில் டீஃபிரிஞ்ச், 1 பிக்சல். ஓர பிக்சலின் நிறத்தை எடுத்துவிட்டு, கொஞ்சம் உள்ளே இருக்கும் நிறத்தை அங்கே இழுத்து வைக்கும். பக்கத்திலேயே ரிமூவ் ஒயிட் மேட், ரிமூவ் பிளாக் மேட் என்று இரண்டு இருக்கும். சுத்த வெள்ளையிலோ சுத்தக் கருப்பிலோ இருந்து வெட்டிய படத்துக்கு அவை நன்றாக வேலை செய்யும். இவை மூன்றும் மாஸ்க் பூட்டிய லேயரில் பலன் தராது. லேயரை நகலெடுத்து, நகலில் மாஸ்க்கை அப்ளை செய்துவிட்டு அதில் செய்யுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆளின் லேயருக்கு மேலே புது லேயர், அதைக் கிளிப்பிங் மாஸ்க்காக்கி (கீழே இருக்கும் ஆளின் எல்லைக்குள் மட்டும் தெரியும்), ஆல்ட் அழுத்திப் பக்கத்துச் சட்டை நிறத்தை எடுத்து, மென்மையான சின்ன பிரஷ்ஷால் ஓரத்தில் தடவிக்கொண்டே போவது. ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் நிறத்தைப் புதிதாக எடுக்க வேண்டும்: காதோரம் தோல் நிறம், கழுத்தில் நிழல் நிறம், தோளில் துணி நிறம். வேலை நிதானமாகத்தான் நடக்கும், ஆனால் இடத்தையும் மென்மையையும் தொடாமல், நிறத்தை மட்டும் இடத்துக்கு இடம் உங்கள் கையாலேயே மாற்றலாம். ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கு இப்படிச் செய்யலாம். தெருமுனை ஃப்ளெக்ஸுக்கு வேண்டுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8க்கு 6 அடி ஃப்ளெக்ஸை அங்குலத்துக்கு 72 பிக்சலில் போட்டால் 6912க்கு 5184 பிக்சல் வரும். அதில் ஒரு பிக்சல் கோடு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான்; சாலையில் போகிறவருக்குத் தெரியாது. ஆனால் வாட்ஸ்ஆப்பில் வந்த ஆயிரம் பிக்சல் உயர ஆளை ஐந்து மடங்கு பெருக்கி அதில் வைத்தால், கோடும் ஐந்து பிக்சலாகிக் கண்ணில் குத்தும். பெருக்குவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

தலைமுடி ஹெல்மெட் மாட்டியது மாதிரி இருக்கிறது

செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்ததை அப்படியே மாஸ்க்காக்கினால் வருவது இது. தலையைச் சுற்றி வழவழவென்று ஒரு வளைவு, வெளியே பறக்கும் முடி எல்லாம் காலி. செலக்ட் அண்ட் மாஸ்க்குக்குள் போய் ரிஃபைன் ஹேர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். போதவில்லை என்றால் ரிஃபைன் எட்ஜ் பிரஷ். இந்த பிரஷ்ஷைப் பாதி முடி மேலும் பாதி பின்னணி மேலும் படும்படி, தலையின் வெளி ஓரத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். தோளிலும் சட்டைக் காலரிலும் ஓட்டினால் துணி ஓரத்தை எலி கடித்தது மாதிரி ஆக்கிவிடும். 2016-ல் இந்த ஜன்னல் வருவதற்கு முன்னால் இருந்த ரிஃபைன் எட்ஜ் இன்னும் உள்ளேயே ஒளிந்திருக்கிறது: ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு செலக்ட் மெனுவில் செலக்ட் அண்ட் மாஸ்க்கைக் கிளிக் செய்தால் பழையது திறக்கும். முடிக்குப் பழையதுதான் தேவலை என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இரண்டுமே ஏமாற்றினால் சேனலுக்குப் போங்கள். சுவர் வெளிச்சமாகவும் முடி கருப்பாகவும் இருக்கும் படத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சேனல்ஸ் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். முடிக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் எதில் அதிகமோ அதை நகலெடுங்கள். வானம் பின்னணி என்றால் பெரும்பாலும் நீலம். நகலில் லெவல்ஸைத் திறந்து கருப்பு முனையையும் வெள்ளை முனையையும் நெருக்குங்கள், ஆனால் முடி நுனிகள் அடை அடையாகக் கெட்டியாவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். மிச்ச வேலை, இருட்டாக்கும் பர்னுக்கும் வெளுக்கவைக்கும் டாட்ஜுக்கும். பர்னை ஷேடோஸில் வைத்து முடி மேலும், டாட்ஜை ஹைலைட்ஸில் வைத்துப் பின்னணி மேலும் தடவினால், ஒன்று மற்றதைத் தொடாமல் பிரியும். முகம், உடம்பு எல்லாவற்றையும் கருப்பு பிரஷ்ஷால் நிரப்பி, மொத்தத்தையும் இன்வர்ட் செய்து, கண்ட்ரோல் அழுத்தி அந்தச் சேனலைக் கிளிக் செய்தால் செலக்‌ஷன் தயார்.

நம்மூர் மணப்பெண் படங்களில் இந்த வழிக்கு ஒரு பொறி இருக்கிறது: மல்லிகைப்பூ. வெளிச்சமானதெல்லாம் பின்னணி என்பதுதான் சேனல் வழியின் கணக்கு. வெள்ளைச் சுவர் முன்னால் ஜடை நிறையப் பூ வைத்திருந்தால், பூவும் சுவரோடு சேர்ந்து போய்விடும். கொண்டையில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். பூச்சரத்தைத் தனியாக, புள்ளி வைத்துப் பாதை போடும் பென் டூலில் எடுங்கள். ஒவ்வொரு மொட்டின் நுனியையும் சுற்ற வேண்டாம். வெளிவரிசையில் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டுகளை மட்டும் சரியாகப் பிடித்து, நடுவில் சும்மா நேராகப் போங்கள். கடைசியில் மாஸ்க்கில் அந்தப் பகுதியை வெள்ளையால் நிரப்பிவிடுங்கள். பூவுக்குள் நிழலாகத் தெரியும் இடுக்குகளை அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சுத்தம் செய்யப்போனால் பூ பிளாஸ்டிக் ஆகிவிடும்.

புதுப் பின்னணியும் வெளிர் நிறம் என்றால் இன்னொரு குறுக்குவழி. ஆளின் லேயரை நகலெடுத்துக் கீழே வைத்து, கலப்பு முறையை மல்டிப்ளை ஆக்கி, தலையைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாக மட்டும் தெரியவிடுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை மறையும், கருப்பு முடி ஒவ்வொன்றும் தானாக நிற்கும். சுவர் சுத்த வெள்ளையாக இல்லாவிட்டால் அந்த நகலில் லெவல்ஸ் போட்டு வெளுக்க வேண்டும். இருட்டுப் பின்னணிக்கு இது உதவாது.

இரவு மண்டபத்தில், கருப்புத் திரைச்சீலை முன்னால் எடுத்த கருப்பு முடி? அதை எந்த டூலும் பிரிக்காது, ஏனென்றால் பிரிக்க அங்கே வித்தியாசமே பதிவாகவில்லை. கௌரவமாகத் தோல்வியை ஒப்புக்கொண்டு, முடியைப் பென் டூலில் ஒரு வடிவமாக வெட்டி, அதன் மேல் 2 பிக்சல் பிரஷ்ஷில் பத்துப் பதினைந்து முடியைக் கையால் வரைந்துவிடுங்கள். ஒரே நீளத்தில், ஒரே திசையில் வரையாமல் இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஓரத்தில் பச்சையோ சிவப்போ வழிகிறது

பச்சைத் திரை, புல்வெளி, தென்னந்தோப்பு. இவற்றின் முன்னால் எடுத்த படத்தில் பச்சை வெளிச்சம் ஆளின் கன்னத்திலும் முடியிலும் சட்டை மடிப்பிலும் உண்மையாகவே விழுந்திருக்கும். செலக்ட் அண்ட் மாஸ்க்கில் டீகண்டாமினேட் கலர்ஸ் டிக் செய்தால் ஓரத்துப் பச்சையை எடுத்துவிடும். பிக்சல் நிறத்தையே மாற்றுகிற வேலை என்பதால் இது எப்போதும் புது லேயராகத்தான் வெளியே வரும். பழையதை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போடாதீர்கள். கன்னம் வரை உள்ளே ஏறிய பச்சைக்கு, ஹ்யூ சாச்சுரேஷனைக் கிளிப் செய்து, பச்சை வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துச் சாச்சுரேஷனைக் குறையுங்கள். அந்த லேயரின் மாஸ்க்கைக் கருப்பாக்கிவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் வெள்ளையால் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி வளையலும் வெற்றிலையும் சாம்பலாகிவிடும்.

பின்னணியில் சிவப்பே இல்லை, ஆனால் அரக்குப் பட்டுப் புடவை ஓரத்தில் சிவப்பு கசிந்து அழுக்காகத் தெரிகிறது என்றால், குற்றவாளி ஜேபெக். ஃபோன் படங்களிலும் மெசேஜில் வரும் படங்களிலும் சாதாரணமாக 4:2:0 என்ற சுருக்கம்தான் இருக்கும். வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சேர்த்துவிடும். கருமைக்கும் வெண்மைக்கும் நடுவில் ஓரம் கூர்மையாகத் தெரிந்தாலும், நிறம் அந்த எல்லையைத் தாண்டி வெளியே நிற்கும். அடர்சிவப்பில் இது பளிச்சென்று தெரியும். அதனால் சிவப்புத் துணியை வெட்டும்போது கோட்டைத் துணிக்குள் இரண்டு பிக்சல் தள்ளியே போடுங்கள். இதற்கு உண்மையான தீர்வு, படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி மறுபடியும் வாங்குவதுதான். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் அந்தக் கூச்சம் அரை மணி நேர வேலையாகத் திரும்பிவரும்.

படம் எடுப்பதும் நீங்கள்தான் என்றால், ஆளைத் திரையிலிருந்து ஆறு ஏழு அடி முன்னால் நிறுத்துங்கள். மேலே சொன்ன பாதி வேலை மிச்சம்.

ஓரம் பல் பல்லாக இருக்கிறது, அல்லது மழமழவென்று குழைந்திருக்கிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள். பல் பல்லாக வந்தால் மேஜிக் வாண்டில் ஓரப் படிகளை மென்மையாக்கும் ஆன்டி ஏலியாஸ் டிக் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். செலக்ட் அண்ட் மாஸ்க்கில் ஸ்மூத் 3 முதல் 5. இன்னொரு காரணம், இணையத்தில் பின்னணி நீக்கும் இலவசச் சேவையில் ஏற்றி இறக்கிய படம். இலவசத்தில் பல சேவைகள் சின்ன அளவைத்தான் கொடுக்கும். அதைப் பெருக்கினால் பல் தெரியாமல் என்ன செய்யும்? ஆனால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். மூலப் படத்தின் மேல் அந்தச் சின்னப் படத்தை வைத்து, அதே அளவுக்கு இழுத்துப் பொருத்தி, கண்ட்ரோல் அழுத்தி அதன் லேயர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். வரும் செலக்‌ஷனை மூலப் படத்துக்கு மாஸ்க்காகப் போட்டு, ஓரத்தை ஸ்மூத் செய்துகொள்ளலாம். மாஸ்க் கொஞ்சம் மொண்ணையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் படம் முழுத் தரத்தில் இருக்கும்.

குழைந்திருந்தால், காரணம் அதிகமாகப் போட்ட ஃபெதர்தான். ஃபெதரின் எண் பிக்சல் கணக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 6000 பிக்சல் கேமரா படத்தில் 2 என்பது கண்ணுக்கே தெரியாது. 800 பிக்சல் ஃபோன் படத்தில் அதே 2, காது மடலைக் கரைத்துவிடும். யாரோ வீடியோவில் சொன்ன எண்ணை அப்படியே போடுவதில் அர்த்தமில்லை.

சரி, எவ்வளவு மென்மை வேண்டும்? அதைப் படமே சொல்லும். லென்ஸை நன்றாகத் திறந்து, எஃப் 1.8-ல் எடுத்த முகப் படத்தில் கண்ணிமை கூர்மையாக இருக்கும், காது கொஞ்சம் மங்கும், பின் தோள் இன்னும் மங்கும். அந்தந்த இடத்தில் மாஸ்க்கும் அதே அளவு மங்க வேண்டும். உடம்பு முழுவதற்கும் ஒரே ஃபெதர் என்பது அடிப்படையிலேயே தப்பு. முழுவதையும் கூர்மையாக வெட்டிவிட்டு, பிறகு மாஸ்க்கில் பிளர் டூலை எடுத்து, பின் தோள், காதுக்குப் பின்புறம், முழங்கை என்று தேவைப்படும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும்.

பென் டூலில் வெட்டுகிறவர்களுக்கு: புள்ளி குறைய வையுங்கள். வளைவு திரும்புகிற இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். தோளுக்கு மூன்று புள்ளி போதும். பதினைந்து வைத்தால் தோள் நெளியும். பாதையை ஓரத்தின் மேலேயே போடாமல் ஒரு பிக்சல் உள்ளே போட்டு, செலக்‌ஷன் ஆக்கும்போது ஃபெதர் 0.5 கொடுங்கள்.

வேட்டியும் வெள்ளைச் சட்டையும் ஊடுருவித் தெரிகின்றன

ஆள் முழுசாக இருக்கிறார், ஆனால் நெஞ்சு வழியாகப் பின்னால் இருக்கும் கோபுரம் லேசாகத் தெரிகிறது. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டி சட்டை என்றால் இது வந்தே தீரும். ஆல்ட் கிளிக்கில் மாஸ்க்கைப் பாருங்கள். உடம்புக்குள் சாம்பல் திட்டு இருக்கும். நடுப்பகுதியைச் சாதாரண வெள்ளை பிரஷ்ஷால் அடைத்துவிடலாம். ஓரத்துக்குப் பக்கத்தில் போகும்போது பிரஷ்ஷை ஓவர்லே முறைக்கு மாற்றுங்கள். வெளிர் சாம்பலை வெள்ளையாக்கும், கருப்பைத் தொடாது. மாஸ்க் முழுக்கவே சாம்பல் படிந்திருந்தால் கண்ட்ரோல் எல், வெள்ளை முனையை உள்ளே இழுங்கள். ஆனால் வேட்டியின் ஓரமே சுவரில் கரைந்து போயிருந்தால் ஆட்டோமேட்டிக் எதையும் நம்ப வேண்டாம். கரைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பென் டூலில் இறங்கி வாருங்கள்.

இதற்கு நேர் எதிர், உள்ளே போக வேண்டியது போகாமல் நிற்பது. இடுப்பில் கை வைத்து நிற்கும்போது கைக்கும் இடுப்புக்கும் நடுவில், வளையலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் பழைய சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு சாலிட் லேயரில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஜிமிக்கியின் தொங்கல் மணிகளுக்கு நடுவில் உள்ளதை எல்லாம் எடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு மட்டும் தோல் நிறமோ முடி நிறமோ தடவிவிட்டால் போதும்.

மெல்லிய துணி, கண்ணாடி, புகை

தாவணித் தலைப்பு, கிறிஸ்தவக் கல்யாணத்து நெட் முக்காடு, மூக்குக் கண்ணாடி. இவற்றை முழு வெள்ளை மாஸ்க்கில் வைத்தால் பழைய பின்னணி அதற்குள் தெரியும். மாஸ்க்கில் அந்தப் பகுதிக்கு மட்டும் பாதிச் சாம்பல் கொடுத்து, துணியின் மடிப்பு விழும் இடங்களில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். இருட்டுப் பின்னணியில் எடுத்த சாம்பிராணிப் புகை, மத்தாப்பு, வாணவேடிக்கைக்கு மாஸ்க்கே வேண்டாம், கருப்பை மறைக்கும் ஸ்க்ரீன் கலப்பு முறை போதும்.

தோளில் வேறொருவர் கை

கண்ணீர் அஞ்சலி வேலைகளில் இது நிச்சயம் வரும். இறந்தவருக்குத் தனிப் படமே இருக்காது. ஏதோ ஒரு கல்யாணத்தில் குடும்பத்தோடு நின்ற படத்தை அனுப்புவார்கள், தோளில் மச்சினர் கை இருக்கும். காலையில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும், இரவு பதினோரு மணிக்கு வரும்.

மறுபக்கத் தோளை நகலெடுத்துப் புரட்டி வைப்பதுதான் வேகமான வழி. புரட்டும்போது கவனம் வேண்டும். ஆண்கள் சட்டையில் பாக்கெட் இடது பக்கம். புரட்டிய துண்டில் அது சேர்ந்து வந்தால் இரண்டு பாக்கெட் ஆகிவிடும். முழு ஆளையே புரட்டினால் வலது நெஞ்சில் பாக்கெட், வலது தோளில் முந்தானை என்று வீட்டுக்காரர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பூணூல் போட்டவர் படம் என்றால் முழுப் படத்தைப் புரட்டவே கூடாது. இடது தோளில் இருக்க வேண்டிய பூணூல் வலது தோளுக்கு மாறினால் அது பித்ரு காரியத்துக்குரிய கோலம்.

ஏஐ கொண்டு நிரப்பும் ஜெனரேடிவ் ஃபில் சட்டை மடிப்பை நன்றாகவே நிரப்புகிறது. முகத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள். காதையும் தாடையையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். அந்த முகத்தை வருஷக்கணக்கில் பார்த்தவர்கள் கண்ணில் அது படும். எதுவும் சரிவரவில்லை என்றால் மார்புக்குக் கீழே கிரேடியண்ட் மாஸ்க்கில் கரைத்துவிட்டு, தோள் மேல் மாலை படத்தை ஏற்றுங்கள். அஞ்சலி ஃப்ளெக்ஸில் மாலை இருப்பது இயல்பு, யாருக்கும் சந்தேகம் வராது.

ஓரம் சுத்தம், ஆனாலும் ஒட்டிவைத்தது தெரிகிறது

இனி ஓரத்தைத் தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். ஆளுக்கு இடமிருந்து வெளிச்சம், பின்னணிக்கு வலமிருந்து என்றால் ஒருவரைப் புரட்டியாக வேண்டும். ஆளைப் புரட்ட முடியாவிட்டால் பின்னணியைப் புரட்டுங்கள். அடுத்தது கண் மட்டம். நின்ற உயரத்தில் எடுத்த ஆளை, தரையில் உட்கார்ந்து எடுத்த பின்னணியில் வைத்தால் எந்த நிழலும் காப்பாற்றாது.

கால் தெரிகிற படத்துக்கு நிழல் இரண்டு வேண்டும். செருப்புக்கு அடியில் ஒட்டினாற்போல் சின்னதாக, அடர்த்தியாக ஒன்று. வெளிச்சத்துக்கு எதிர்த்திசையில் நீண்டு, போகப் போக மங்குவது இன்னொன்று. இரண்டும் மல்டிப்ளையில். சுத்தக் கருப்பு எடுக்காமல், தரையின் நிறத்திலேயே அடர்ந்ததை எடுங்கள். முதல் நிழலை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போடுவதால்தான் பல ஃப்ளெக்ஸ்களில் தலைவர்கள் மிதக்கிறார்கள்.

கடைசியாக, நாய்ஸ். இரவு நேரத்து ஃபோன் படத்தில் மணல் மணலாக இருக்கும் ஆளை, இணையத்தில் எடுத்த வழவழப்பான பின்னணியில் வைத்தால் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலே 50 சதவீதச் சாம்பல் லேயர் போட்டு, ஓவர்லே ஆக்கி, கொஞ்சம் ஆட் நாய்ஸ் கொடுங்கள். இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தது மாதிரி சேர்ந்துவிடும்.

சேவ் செய்தால் பின்னணி வெள்ளையாகிறது

ஜேபெக்கில் ஊடுருவல் என்பதே கிடையாது. காலியான இடத்தை வெள்ளையால் நிரப்பித்தான் சேமிக்கும். பிஎன்ஜி, டிஃப், பிஎஸ்டி மூன்றில் ஒன்றில் சேமியுங்கள். பிஎன்ஜியாகச் சேமித்தும் ஓரம் பல்லிளித்தால் அது பிஎன்ஜி-8 ஆக இருக்கலாம். ஃபோட்டோஷாப் அதில் ஒரு பிக்சலை முழுக்கக் காட்டும் அல்லது முழுக்க மறைக்கும், நடுநிலை இல்லை. பிஎன்ஜி-24 எடுங்கள். கிம்ப்பில் அழிக்க அழிக்க வெள்ளையே வருகிறது என்றால் லேயருக்கு ஆல்ஃபா சேனல் இல்லை. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி போய்ச் சேர்த்துவிடுங்கள்.

பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது. அச்சுக்கு அந்த நிறமுறை கேட்கிறார்கள் என்றால் பிஎஸ்டியாகவோ டிஃப்பாகவோ கொடுக்க வேண்டும். எந்த ஃபைலாக இருந்தாலும் வாட்ஸ்ஆப்பில் ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள். போகிற வழியிலேயே ஜேபெக்காக மாறி, வெட்டியெடுத்ததெல்லாம் மறுபடியும் ஒரு நிறப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் டிரைவ் லிங்க்.